மொத்தமாகக் கட்டிய மூன்று தவணை

பிப்ரவரி 9, 2023

ஊசி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கும் நிலையில் நான் இல்லை. வாயால் பேசினால் பாதியில் நீ அழுவாய், மீதியில் நான் கத்துவேன், கடைசியில் யார் என்ன சொன்னோம் என்பதே தெரியாமல் போய்விடும். எழுத்தில் இருக்கட்டும்.

கட்டடக்காரர் கடையை விற்கிறார் என்று போன மாதமே உனக்குச் சொன்னேன். இருபத்திரண்டு வருஷமாக வாடகை கொடுத்து நான் குழாயும் வாஷ்பேசினும் விற்கும் கடை. "உங்களுக்குத்தான் முதல்ல கேக்குறேன். ஏப்ரல் முடியறதுக்குள்ள பணத்தோட வாங்க. இல்லேன்னா வெளியாளுக்குக் கொடுத்துடுவேன், அப்புறம் என்னைக் கோவிச்சுக்கக் கூடாது" என்றார். மூன்றில் ஒரு பங்கு கையில் இருக்கிறது. மீதிக்கு வங்கிக் கடன். இஸ்திரி போட்ட சட்டையோடு இன்று காலை போனேன்.

மேனேஜர் கம்ப்யூட்டரைத் தட்டினார். சிரித்துக்கொண்டிருந்த முகம் மாறிவிட்டது.

"சார், உங்க கிரெடிட் ஸ்கோர் அறுநூத்தி முப்பதுதான் காட்டுது. போன வருஷம் எழுநூத்தி எண்பது இருந்திருக்கு. வீட்டுக் கடன்ல மாசக்கணக்கா தவணை கட்டாம விட்டிருக்கீங்களே?"

"எனக்கு வீட்டுக் கடனே கிடையாதுங்க. என் வீடு மொத்தப் பணம் கொடுத்து வாங்கினது. வேற யாரையோ பார்க்குறீங்க."

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். உன் வீடு. உன் கடன். கூட்டாகக் கடன் வாங்கியவர் என்ற இடத்தில் என் பெயர்.

ஆறு வருஷத்துக்கு முன் நீ வந்து நின்றாய். தையல் வேலையில் வருஷத்துக்கு ஒரு முறைதான் பெரிய பணம் வருகிறது, அதனால் தனியாகக் கடன் தர மாட்டேன் என்கிறார்கள் என்றாய். மறுபேச்சு பேசாமல் கையெழுத்துப் போட்டேன். என் செக் ஒன்றுகூட இதுவரை திரும்பியதில்லை. இன்று எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவன் காதில் விழும்படி என்னைத் தவணை தவறியவன் என்கிறார்கள்.

ஏன் கட்டவில்லை? ஏன் என்னிடம் சொல்லவில்லை? இரண்டே கேள்வி. கதை வேண்டாம்.

அண்ணன்


பிப்ரவரி 17, 2023

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன், நீங்கள் எதிர்பார்த்த மாதிரியே. மூன்றாம் தடவை கோபம் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். சொன்னேன். செப்டம்பர் முதல் வாரம், உங்கள் கடையில், ஷவர்கள் தொங்கும் சுவருக்குக் கீழே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னேன். நான்கு பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைத்துக் கொடுத்துவிட்டேன், ஒருவரும் இன்னும் பணம் தரவில்லை, என் வீட்டுக்காரர் சம்பளம் சாப்பாட்டுக்கும் பிள்ளை படிப்புக்கும் போய்விடுகிறது, இந்த மாதத் தவணைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். கைமாற்றாகக் கொஞ்சம் கேட்கத்தான் வந்தேன். அதற்குள் நீங்கள் சிரித்துவிட்டீர்கள்.

"இதுக்கா மூஞ்சியைத் தொங்கப்போட்டுட்டு வந்தே? குழாய்க் கம்பெனிக்காரனுக்கு நான் என்ன மாசாமாசமா கொடுக்குறேன்? மூணு மாசம் இழுப்பேன். அப்புறம் மொத்தமா கொண்டுபோய் அவன் மேசையில வைப்பேன். அவனுக்கு வாயெல்லாம் பல்லு. கொஞ்சம் கொஞ்சமா கொடுக்குறவனை எவன் மதிக்கிறான்? நீயும் ஸ்கூல் பணம் வந்ததும் மொத்தமா கட்டு. வட்டி போட்டா போடட்டும். பேங்க்காரனும் வியாபாரிதானே!"

அண்ணிகூட, "பேங்க்ல அப்படிச் செய்யலாமா?" என்று கேட்டார். "உனக்கு என்ன தெரியும் வியாபாரம்" என்றீர்கள். அண்ணியைக் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் சொன்னால் எனக்கு அதற்கு மேல் பேச்சு கிடையாது. வெறும் கையோடு கடை போட்டு இவ்வளவு தூரம் வந்தவர், பணம் விஷயம் உங்களுக்குத் தெரியாதா என்று நினைத்தேன். செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூன்றையும் விட்டேன். டிசம்பர் இருபதாம் தேதி மூன்று தவணையையும், டிசம்பர் தவணையையும், அவர்கள் சொன்ன அபராதத்தையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போனேன். கவுன்டரில் நிமிர்ந்து நின்றேன். அந்தப் பெண் வாயெல்லாம் பல்லாக என்னைப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். எண்ணி முடித்தாள். "அடுத்தவங்க வாங்க" என்றாள்.

இன்றைக்கு நான் தவணையில் ஒரு காசுகூடப் பாக்கி வைக்கவில்லை. ஏமாற்றவில்லை, ஓடவில்லை. எனக்கும் இதில் கெட்ட பெயர்தான், அண்ணா.

இன்னொன்று. தவணை தவறினால் கூட்டுக் கையெழுத்துப் போட்டவருக்கும் நினைவூட்டல் போகும் என்று வங்கியில் சொல்கிறார்கள். உங்கள் கடை முகவரிக்கு மூன்று கடிதம் அனுப்பினார்களாம். அவை எங்கே?

ஊசி


பிப்ரவரி 25, 2023

ஊசி,

எங்கே என்றால், கல்லாவுக்குக் கீழே. வங்கியிலிருந்து வருவதெல்லாம் கடன் வேண்டுமா, அட்டை வேண்டுமா என்கிற விளம்பரம்தான் என்று நான் பிரிப்பதே இல்லை. உறையின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று குழாய் அளவு எழுத வைத்துக்கொண்டேன். ஒன்றை ஒரு கொத்தனார் அளவோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். மற்ற இரண்டையும் நேற்றுத்தான் பிரித்தேன். உன் அண்ணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

சரி, நான் சொன்னேன் என்றே இருக்கட்டும். நான் சொன்னது வியாபாரப் பழக்கம். கம்பெனிக்காரன் என் முகத்தைப் பார்த்துச் சரக்கு இறக்குகிறான். நான் இழுத்தாலும் கொடுப்பேன் என்று அவனுக்குத் தெரியும். இவர்கள் முகத்தையா பார்க்கிறார்கள்? திரையைப் பார்க்கிறார்கள். இருபத்திரண்டு வருஷம் ஒரே கடை, ஒரே ஆள். அது அவர்கள் திரையில் எங்கேயும் இல்லை. மூன்று மாதம் மட்டும் சிவப்பாக இருக்கிறது. கட்டின பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு, அபராதமும் பிடுங்கிக்கொண்டு, கட்டாதவன் என்றும் எழுதிவைப்பது எந்த ஊர் நியாயம்?

ஆனாலும் நீ வங்கியில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முப்பத்தெட்டு வயசாகிறது உனக்கு.

அதை விடு. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. ஐந்து கடை ஏறி விலை கேட்காமல் நான் ஒரு ஆணி வாங்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். இந்தப் பத்து நாளில் ஐந்து வங்கி ஏறினேன். ஐந்திலும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். ஒருவன் இல்லை என்றால் இன்னொருவன். முதல் நாலு பேர் முடியாது என்றார்கள். ஐந்தாவது இடத்தில் ஒரு சின்னப் பெண், "அறுநூத்தி ஒண்ணு இருக்கு சார்" என்கிறாள். அன்றைக்கு அறுநூற்று முப்பது, இப்போது அறுநூற்று ஒன்று! நடுவில் நான் என்ன கொலையா செய்தேன்? கேட்டுத்தானே பார்த்தேன்?

அறிக்கை நகல் ஒன்று கொடுத்தார்கள். எனக்கு அதில் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன். தையலில் ஒரு நூல் பிசகினால் கண்டுபிடிப்பவள் நீ. பார்.

ஏப்ரல் முடிய ஒன்பது வாரம் இருக்கிறது.

அண்ணன்


மார்ச் 8, 2023

அண்ணாவுக்கு,

முதலில் ஒன்று: இனி எந்த வங்கியிலும் விண்ணப்பம் கொடுக்காதீர்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன். நீங்கள் ஒவ்வொரு இடத்தில் எழுதிக் கொடுக்கும்போதும் அவர்கள் உங்கள் பதிவைத் திறந்து பார்க்கிறார்கள். யார் யார் திறந்தார்கள் என்பதும் அதில் பதிவாகிறது. பத்து நாளில் ஐந்து பேர் திறந்தால், "இந்த மனுஷன் காசுக்குப் பறக்கிறார்" என்று அர்த்தமாம். கடைத்தெருவில் விலை விசாரித்தால் கெட்டிக்காரர். இங்கே அதற்கு மார்க்கைக் குறைக்கிறார்கள்.

நான் வேலையை விட்டுவிட்டு இரண்டு நாள் எங்கள் வங்கியில் உட்கார்ந்தேன். கடன் பிரிவு அதிகாரி, கண்ணாடி போட்ட அம்மா, கடைசியில் பாவம் பார்த்துச் சொன்னார்.

"தவணை முப்பது நாள் தாண்டினா ஒரு கரும்புள்ளி விழும். அறுபது தாண்டினா இன்னொண்ணு. தொண்ணூறு தாண்டினா அதுதான் பெரிய அடி. நீங்க செப்டம்பர் தவணையை டிசம்பர்ல கட்டியிருக்கீங்க. மூணும் விழுந்துடுச்சு."

"அதான் மொத்தமா கட்டிட்டேனே மேடம்?"

"கட்டினதால பாக்கி தீர்ந்தது. தாமதமானது தாமதமானதுதானேம்மா. அது பல வருஷத்துக்குப் பதிவுல இருக்கும். நீங்க செப்டம்பர்லயே வந்து கஷ்டம்னு சொல்லியிருந்தா தவணையை மாத்திக் கொடுத்திருப்போம். ஸ்கூல் பணம் வர்ற மாசத்துல கூட, மத்த மாசத்துல குறைச்சலா."

எனக்கு வந்ததே கோபம்! கடன் வாங்க வாருங்கள் என்று வாசலில் ஆளுயரத்துக்குப் போர்டு வைக்கிறார்கள். கஷ்டம் வந்தால் முன்கூட்டியே வாருங்கள் என்று ஒரு சின்னத் தாளிலாவது எழுதி ஒட்டினால் என்ன? அதை அவரிடமே கேட்டேன். "நானும் மேல சொல்லிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

நீங்கள் அனுப்பிய நகலை வரி வரியாகப் பார்த்தேன். தவறியது மூன்று மாதம். அதில் நான்கு காட்டுகிறது. நான் கொடுத்த பணத்தில் அபராதத்தை இரண்டு தடவை கழித்துவிட்டு, டிசம்பர் தவணை குறைகிறது என்று போட்டிருக்கிறார்கள். முழுத் தொகையும் வாங்கிக்கொண்டோம் என்ற ரசீது என்னிடம் இருக்கிறது. தப்பைத் திருத்தச் சொல்லி வங்கிக்கும், மார்க் போடும் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு பேர் பெயரிலும் திருந்தும். முப்பது நாளுக்கு மேல் ஆகலாம் என்கிறார்கள். கட்டடக்காரரிடம் ஒரு மாதம் கூடுதலாகக் கேளுங்கள்.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபோதே கைமாற்றுக் கேட்காதது என் தப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன். அது ஒன்றுதான்.

ஊசி


மே 12, 2023

ஊசி,

கடை போய்விட்டது. ஏப்ரல் முப்பதாம் தேதி கட்டடக்காரர் ஒரு செல்போன் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். அவரிடம் ஒரு மாதம் கேட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் வீட்டுப் படியேறிக் கேட்டேன். "நீங்கன்னா தரலாம், ஆனா பேங்க்லயே உங்களை நம்பலைன்னு கேள்விப்பட்டேன்" என்றார். அந்த வார்த்தையை நான் மறக்க மாட்டேன்.

உன் திருத்தம் மே ஒன்பதாம் தேதி வந்தது. நான்கு மூன்றானது. மார்க் முப்பது கூடியது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஒன்பது நாள் தாமதம். நாங்கள் தாமதித்தால் பல வருஷம் பதிவில் இருக்கும். அவர்கள் தப்பாக எழுதிவிட்டு எட்டு வாரம் தூங்கினால் யார் பதிவில் இருக்கும்?

பின்தெருவில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். வாஷ்பேசின்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும்போது ஏழு உடைந்தது. விஷயம் தெரியாமல் வருகிறவர்கள் பழைய வாசலில் போய் நின்று, "குழாய்க்கடைக்காரர் போய்ச் சேர்ந்துட்டாரா?" என்று கேட்கிறார்களாம்.

நான் சொன்னது தப்பு. அதைக் கேட்டு நீ நடந்தது தப்பு. யார் தப்பு எவ்வளவு என்று இனி எடை போட எனக்குத் தெம்பு இல்லை. ரத்த சொந்தம் என்றாலும் இனி யார் தாளிலும் என் கையெழுத்து விழாது. கொஞ்ச நாளைக்கு எழுதாதே.

அண்ணன்


பிப்ரவரி 6, 2024

அண்ணாவுக்கு,

ஒன்பது மாதம் பொறுத்தேன். நடுவில் இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. அண்ணியிடம் கேட்டால், "படிக்கிறாரு, ஆனா பேச்சை எடுத்தா எழுந்து போயிடுறாரு" என்கிறார். சரி, இதையும் படித்துவிட்டு எழுந்து போங்கள்.

எனக்கும் ஆறவில்லை. பள்ளிக்கூடங்கள் பணத்தை நான்கு மாதம் இழுத்தன. அவர்கள் பெயரில் ஒரு புள்ளியாவது விழுந்ததா? அதில் ஒரு பள்ளியின் தாளாளர் போன வாரம் புது கார் வாங்கியிருக்கிறார், கடனில். கையை நீட்டிக் காத்திருந்தவளுக்குத்தான் மார்க் போச்சு. தையல் மெஷினை மிதிக்கும்போதெல்லாம் இதுதான் ஓடுகிறது. ஊசி இரண்டு தடவை விரலில் இறங்கிவிட்டது.

கோபத்தை வைத்துக்கொண்டே வேலையைப் பார்த்தேன். தவணைக்கென்று தனியாக ஒரு கணக்குத் திறந்தேன். பள்ளிப் பணம் வந்த அன்றே ஆறு மாதத் தவணையை அதில் போட்டுவிட்டேன். ஐந்தாம் தேதி வங்கியே எடுத்துக்கொள்கிறது. அதைத் தொட எனக்கே கை வராது. முன்பணம் கொடுக்காத பள்ளிக்கு இனித் துணியை வெட்டுவதில்லை. ஒரு பள்ளி போய்விட்டது, போகட்டும். சின்னதாக ஒரு கிரெடிட் கார்டு வாங்கி, நூலும் பட்டனும் மட்டும் அதில் வாங்குகிறேன். கெடுவுக்குள் முழுசாகக் கட்டிவிடுகிறேன். கண்ணாடி அம்மா சொல்லிக்கொடுத்ததுதான். ஒழுங்காகக் கட்டும் மாதங்கள் சேரச் சேரத்தான் பழையது மங்குமாம், அதற்குக் குறுக்கு வழி கிடையாதாம்.

தவறாமல் பதினான்கு தவணை கட்டியிருக்கிறேன். நீங்கள் என்னோடு பேசாவிட்டாலும் அந்தப் பதினான்கும் உங்கள் பெயரிலும்தான் ஏறுகிறது.

அண்ணி இன்னொன்றும் சொன்னார். கடையின் கிரெடிட் கார்டை வரம்பு முட்டும் வரை இழுத்து வைத்திருக்கிறீர்களாம். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறக்குங்கள். அது நிரம்பி வழிந்தால் நான் கட்டுவதெல்லாம் ஓட்டைக் குழாயில் விட்ட தண்ணீர்தான். நான் சொல்லி நீங்கள் கேட்பீர்களா? சொல்லிவிட்டேன்.

ஊசி


ஜனவரி 21, 2025

ஊசி,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். வியாபாரி விலையைச் சுற்றிச் சுற்றிச் சொல்லக் கூடாது, நேராகவே சொல்கிறேன்.

இந்தத் தகரக் கொட்டகையையும் விற்கிறார்கள். இதுவும் போனால் மூன்றாவது இடம் தேடும் வயசு எனக்கு இல்லை. ஐம்பத்தாறு ஆகிறது. விலை பழைய கடையில் பாதிதான். பின்தெரு என்றாலும் லாரி வாசல் வரை வருகிறது, கொத்தனார்களுக்கும் இப்போது பழகிவிட்டது. நெற்றியில் அடித்த மாதிரி ஒரு பெயர்ப்பலகை வைத்து என் சொந்த இடம் என்று உட்கார்ந்துவிட்டால், யாரும் இனி எழுந்து போ என்று சொல்ல முடியாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இம்முறை ஐந்து கடை ஏறவில்லை. ஒரே வங்கி. கார்டையும் போன வருஷமே கீழே இறக்கிவிட்டேன். நீ சொன்னாய் என்பதற்காக அல்ல, உன் அண்ணி தினமும் சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது சொன்னாள் என்பதற்காக.

மார்க் எழுநூற்றுப் பத்து. மேனேஜர் தாடையைத் தடவினார்.

"தரலாம் சார். ஆனா அந்தப் பழைய தாமதம் இன்னும் பதிவுல இருக்கு. கூட ஒருத்தர் கையெழுத்துப் போட்டா உடனே ஓகே ஆகும். வீட்ல யாராவது?"

"சம்சாரத்துக்கு வருமானம் கிடையாதுங்க."

"வீட்டுக் கடன்ல உங்ககூட இருக்காங்களே, உங்க சிஸ்டர். அவங்களோடது எழுநூத்தி நாப்பத்தஞ்சு. இருபத்தஞ்சு தவணை, ஒரு நாள் பிசகலை. அவங்களைக் கேளுங்களேன்."

யாருக்கு யார் கையெழுத்து! அந்த நாற்காலியிலேயே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் கெட்ட பெயர் உன் கடனில் வந்தது. நல்ல பெயரும் உன் கடனில்தான் வந்திருக்கிறது. நடுவில் நான் இருபத்திரண்டு வருஷம் உழைத்தது எந்தக் கணக்கிலும் இல்லை. யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

தாள்கள் இத்துடன். போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி வைத்திருக்கிறேன். பிப்ரவரி பதினைந்து கடைசி நாள். நீ மாட்டேன் என்றாலும் நான் ஒன்றும் சொல்ல முடியாது. இனி யார் தாளிலும் போட மாட்டேன் என்று உனக்கு எழுதினவன் நான்தான்.

அண்ணன்


ஜனவரி 30, 2025

அண்ணாவுக்கு,

தாள்கள் வந்தன. நான் கையெழுத்துப் போடவில்லை.

உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். முழுக்கப் படியுங்கள். நீங்கள் பென்சில் குறி வைத்த இடங்களை மட்டும் பார்த்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. நான் இருபத்து மூன்று பக்கத்தையும் படித்தேன். புரியாத வரிகளைக் கண்ணாடி அம்மாவிடம் எடுத்துப்போய்க் கேட்டேன்.

பதினான்காம் பக்கத்தில், நீங்கள் கேட்காத ஒரு காப்பீட்டைக் கடனோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அதன் பணம் முழுவதையும் முதல் நாளே கடனில் ஏற்றி, பன்னிரண்டு வருஷத்துக்கு அதற்கும் வட்டி. எட்டு மாதத் தவணைக்கு மேல் வருகிறது. கண்ணாடி அம்மா பார்த்துவிட்டு, "இது கட்டாயமில்லைம்மா. வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா எடுத்துத்தான் ஆகணும். கேக்க மாட்டாங்கன்னு போட்டுவிட்டிருக்காங்க" என்றார். கேட்க மாட்டோமாம்! அண்ணா, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களைப் பழைய தாமதக்காரர் என்று ஒரு பக்கம் நிற்கவைத்துவிட்டு, இவர் எதைக் கொடுத்தாலும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வார் என்று நினைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. தவணைத் தேதி இருபத்தெட்டு என்று இருக்கிறது. உங்களுக்குக் கொத்தனார்கள் பணம் கொடுப்பது மாத முதல் வாரம். எட்டாம் தேதிக்கு மாற்றச் சொல்லுங்கள். வங்கியே எடுத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளை நான் பார்க்க வேண்டும். இரண்டு பேர் பெயரும் அதில் இருக்கப்போகிறது.

கேட்டீர்களே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு கேட்டீர்களே என்று எரிச்சலும்தான். இரண்டும் இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தாள்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பதினைந்தாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. நாளைக்கே போய் மேனேஜர் முன்னால் பதினான்காம் பக்கத்தைப் பிரித்து வையுங்கள். அது இல்லாத தாள் வந்த அன்றே நான் போட்டு அனுப்புகிறேன். என்னிடம் கத்தியதில் பாதி அங்கே கத்தினால் போதும், எடுத்துவிடுவார்கள்.

ஊசி